நளீரிடம் மட்டும் ஒருவரும் கேட்கவில்லை

விளாத்தியடியில் ஒரு கொலை நடக்கவேண்டும் என்று ஊரே ஆசைப்பட்ட காலம் ஒன்று உண்டு. கடதாசியில்தான். மற்ற வகைச் சாவுகளை அந்த ஊர் வேண்டிய மட்டும் பார்த்துவிட்டது. அவற்றில் ஒன்றுக்காகக்கூட எவரும் வீடு வீடாக வந்து, யார் செய்தது, நீங்கள் அந்த நேரம் எங்கே நின்றீர்கள் என்று கேட்டதில்லை. கேட்கக்கூடிய காலமாகவும் அது இருக்கவில்லை.

சண்டை நின்று, பாதை திறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வவுனியா பஸ்ஸில் சவர்க்காரப் பெட்டியோடும் பிளாஸ்டிக் வாளியோடும் இந்தியாவில் அச்சான கொலைக்கதைப் புத்தகங்களும் வந்து முல்லைத்தீவுப் பக்கம் இறங்கின. உள்ளங்கை அகலம், மட்டமான தாள், அட்டையில் ஒரு கத்தி, கத்திக்குப் பக்கத்தில் காரணமே இல்லாமல் ஒரு வடிவான பெண். விளாத்தியடிச் சனம் அவற்றைக் கைமாற்றிக் கைமாற்றிப் படித்து, தாள் நைந்து பஞ்சாகும்வரை விடவில்லை.

இந்த விஷயத்தில் ஊரிலேயே பழம் தின்று கொட்டை போட்டவள் மஸீனா. சந்திக்கடை நளீரின் மனைவி. தொண்ணூறாம் ஆண்டு இயக்கம் துவக்கோடு வந்து முஸ்லிம் சனத்தை ஊரை விட்டுப் போகச் சொன்னபோது, உடுத்த சீலையோடும் கையில் பிடித்த மகளோடும் புத்தளத்துக்குப் போனவள். அங்கே அகதி முகாமின் ஓலைக் கொட்டிலில், யாரோ வீசிவிட்டுப் போன ஒரு கொலைக்கதையை மழைநாளில் எடுத்துப் படிக்கத் தொடங்கியவள், பிறகு நிறுத்தவேயில்லை.

பட்டணத்துக் கொலை அவளுக்குப் பிடிக்காது. "அங்கை செத்தவனை ஆருக்குத் தெரியும்? செய்தவனைத்தான் ஆருக்குத் தெரியும்?" என்பாள். சின்ன ஊர்க் கொலைதான் கொலை. செத்தவன் யாரிடம் வெற்றிலை வாங்கினான், யாரோடு முகம் கொடுத்துப் பேசமாட்டான் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும். கொன்றவனே செத்தவீட்டுக்கு வந்து பந்தலுக்குக் கால் நாட்டுவான். விசாரிக்க வருகிறவர் ஒரு வீட்டையும் விடாமல் தட்டுவார். அந்த இடம் வந்தால் மஸீனா புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்து, ஒரு மூச்சு விட்டுவிட்டுத்தான் மேலே படிப்பாள். ஒரு மனிதன் இல்லாமல் போனதற்காக ஊர் முழுவதையும் எழுப்பிக் கேட்கிறார்களே என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிடும். அவளும் நளீரும் ஊரில் இல்லாமல் போனபோது யார் கேட்டார்கள்?

போன வருஷம்தான் இருவரும் திரும்பி வந்தார்கள். கடை இருந்த இடத்தில் பற்றை மண்டிக் கிடந்தது. நளீர் அதை வெட்டிச் சுட்டு, நாலு தூண் நட்டு, தகரம் போட்டுக் கடையைத் திறந்தார். புத்தளத்து வீட்டைப் பூட்டி, சாவியை அங்கேயே கலியாணம் முடித்திருந்த மகள் இஷ்ராவிடம் கொடுத்திருந்தார்கள். ஆவணி விடுமுறைக்கு இஷ்ரா வான் வண்டி பிடித்துக்கொண்டு வருவாள். இருப்பதா, திரும்பிப் போவதா என்று அதற்குள் முடிவு சொல்லவேண்டும். மஸீனாவுக்கு இருக்கவேண்டும். நளீரின் மனம்தான் நிலைகொள்ளவில்லை. ஊரார் ஒரு கொடுமையும் செய்துவிடவில்லை. அவர்கள் காட்டிய மரியாதையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

போன வீட்டிலெல்லாம் துடைத்த கதிரை. அலுமாரியிலிருந்து இறக்கிய புதுக்கோப்பையில் தேத்தண்ணி. கடையில் ஒருவரும் பேரம் பேசுவதில்லை. சொன்ன விலைக்கு வாங்கிக்கொண்டு, கும்பிடாத குறையாகப் போனார்கள். பக்கத்து வளவு அப்புத்துரை முந்தி "டேய் நளீர்" என்று வேலிக்கு மேலால் கத்தாத நாள் கிடையாது. வேலிக் கதியால் ஒன்றைச் சாண் அளவு தள்ளி நட்டதற்காக வருஷக்கணக்கில் சண்டை பிடித்த மனிதர். இப்போது நளீரின் ஆடு அவருடைய வெண்டித் தோட்டத்தை மொட்டையடித்த பிறகும், "பரவாயில்லை நளீர், வாயில்லாச் சீவன்தானே" என்று சிரித்துவிட்டுப் போனார். அன்றைக்கு நளீருக்குச் சோறு இறங்கவில்லை.

"விருந்தாளிக்குத்தான் இப்பிடிச் செய்வினம், மஸீனா," என்றார். "விருந்தாளி எண்டா ஒருநாளைக்கு வெளிக்கிடத்தானே வேணும்."

இந்த நேரத்தில்தான் தர்மிளா எழுத ஆரம்பித்தாள். முன்பள்ளியில் படிப்பிக்கிற பெண். கொலைக்கதைப் பைத்தியத்தில் மஸீனாவுக்கு அடுத்த இடம் அவளுக்குத்தான். "கொலை எண்டா இந்தியாவிலைதான் விழ வேணுமோ? எங்கடை ஊருக்கு என்ன குறை?" என்று கேட்டவள், கேட்டதோடு நிற்காமல் விளாத்தியடியிலேயே ஒருவரைக் கொன்று எழுதினாள். இருந்தது ஒரே ஒரு கையெழுத்துப் பிரதி, ஆசைப்பட்டதோ முழு ஊர். ஆகவே வாசிகசாலைத் தலைவர் என்ற முறையில் அப்புத்துரை ஒரு தீர்ப்புச் சொன்னார். சனிக்கிழமை பின்னேரங்களில் தர்மிளா வாசிகசாலையில் ஒவ்வொரு அத்தியாயமாக வாசிப்பது, மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு கேட்பது.

கதையில் செத்தவர் லவுட்ஸ்பீக்கர் கணபதி. அப்படி ஒருவர் ஊரில் இருந்ததில்லை. ஆனால் கோயில் பொங்கலுக்கு விடியப்புறம் பாட்டுப் போட்டு, ஊரின் நித்திரையைக் குலைக்கிற ஒருவரை யாருக்குத்தான் தெரியாது? அம்மன் பொங்கல் அன்று விடிய, கணபதி தன்னுடைய வயராலேயே கழுத்து நெரிக்கப்பட்டு, சந்திக்கடை வாசலில் கிடக்கிறார். அவரைக் கொல்லக் காரணம் இல்லாத ஆள் ஊரில் இல்லை. கிராம அதிகாரியான மனோன்மணி என்ற பெண் விதானையார் விசாரிக்கத் தொடங்குகிறார்.

தர்மிளா முதலில் எல்லோருடைய பெயரையும் மாற்றித்தான் எழுதியிருந்தாள். இரண்டாம் வாசிப்பில் சலூன் பொன்னையா எழும்பிவிட்டார். "உந்தச் சலூன்காரன் நான்தானே பிள்ளை? பிறகேன் என்ரை பேரைக் களவெடுக்கிறீர்?" என்றார். சபை அதை ஆமோதித்தது. அன்றிலிருந்து எல்லோரும் சொந்தப் பெயரோடேயே சந்தேகப்படப்பட்டார்கள். அதில் அவர்களுக்கு இருந்த பெருமையைப் பார்க்கவேண்டும். பொன்னையாவின் சவரக்கத்தியை விதானையார் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார் என்று வாசித்த மறுநாள், அந்தக் கத்தியால் முகம் வழிக்கச் சலூனில் வரிசை நின்றது. சங்கக்கடைக் கமலேஸ்வரி தன் அத்தியாயத்துக்குப் புதுச் சீலை உடுத்து வந்து, அதன் பிறகு கிழமை முழுக்க, "எனக்குக் கோவம் வந்தா நான் வேறை ஆள்" என்று சொல்லித் திரிந்தாள்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் விதானையார் மனோன்மணி ஒரு வீட்டுப் படலையைத் தட்டினார். எல்லாப் படலைக்கும் சந்திக்கடையைத் தாண்டித்தான் போனார். கடையைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"பிணம் கிடக்கிறது என்ரை வாசல்லை," என்றார் நளீர் கடையில் பருப்புச் சுற்றிக்கொண்டே. "ஸ்பீக்கர் குழாய் கட்டினது என்ரை கூரையிலை. விடிய விடிய பாட்டுக் கேட்டது என்ரை காது. என்னட்டை ஒரு வார்த்தை கேக்கேல்லையே, மஸீனா." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சுற்றிய பருப்பை வாங்க வந்தவரிடம் கொடுக்க மறந்துபோய் நின்றார்.

மஸீனா அசரவில்லை. "வாசிச்சுப் பழகாத ஆக்கள் மாதிரிக் கதைக்காதேங்கோ. ஆரிலை ஒருத்தருக்கும் சந்தேகம் வரேல்லையோ, அவர்தான் கொலைகாரன். உங்களைத்தான் அந்தப் பிள்ளை கடைசிக்கு வைச்சிருக்கிறா."

"மெய்யே?"

"நான் எத்தினை வாசிச்சிருப்பன்?"

நளீருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மஸீனா மட்டுமல்ல, கொலைக்கதை படித்துத் தேறிய எல்லோரும் அதே கணக்கைத்தான் போட்டிருந்தார்கள். சவரம் செய்யும்போது பொன்னையா அவர் காதருகே குனிந்து, "நளீர் நானா, வயரை எப்பிடி முறுக்கினனீங்கள்?" என்று கேட்டார். நளீர் கழுத்தை இன்னும் கொஞ்சம் நீட்டிக் கொடுத்தார். சனிக்கிழமைகளில் கடையை நேரத்துக்கே சாத்தி, இஸ்திரிப் பெட்டியில் சிரட்டைக்கரி போட்டுச் சேட்டை அழுத்தி உடுத்துக்கொண்டு போனார். கொலைகாரன் சபையில் எப்படி இருக்கவேண்டும், சிரிக்கலாமா கூடாதா என்று மஸீனாவிடம் ஆலோசனை கேட்டார். கனகாலத்துக்குப் பிறகு அவர் கடைக்கு என்று ஒரு பெயர்ப்பலகை எழுதுவதைப் பற்றிப் பேசினார். மஸீனா அதைக் கேட்டுப் பூரித்துப் போனாள்.

கதையில் இன்னும் இரண்டு அத்தியாயம்தான் பாக்கி என்ற நிலையில் அவளுக்குப் பொறுமை போய்விட்டது. வட்டிலப்பம் அவித்து, கோப்பையில் மூடி எடுத்துக்கொண்டு தர்மிளாவின் வீட்டுக்குப் போனாள். தர்மிளா ஓடிவந்து கதிரையைத் துடைத்துப் போட்டாள்.

"எனக்கு மட்டும் சொல்லும் பிள்ளை. கொலைகாரன் எங்கடை இவர்தானே?"

தர்மிளா பதறினாள். "ஐயோ அக்கா, ஆர் உங்களுக்கு அப்பிடிச் சொன்னது? நான் அப்பிடி எழுதுவனோ? பொன்னையா அண்ணைதான் செய்தவர். நளீர் நானா இருக்கிற பக்கமே நான் போகேல்லை. உங்கடை ஆக்கள் பட்டது காணாதே? அவையள் மேலை ஒரு சொல்லும் படக்கூடாதெண்டு அப்புத்துரை ஐயாவும் முதலே சொன்னவர்."

அந்தப் பெண் மனம் நொந்துதான் சொன்னாள். அது மஸீனாவுக்குத் தெரிந்தது. தெரிந்ததால்தான் கோபம் இன்னும் கூடியது.

"உங்கடை ஆக்கள் எண்டு எங்களைச் சொல்லுறீர். எங்கடை ஊர்க் கதை எண்டு இதைச் சொல்லுறீர். ரண்டும் எப்பிடிப் பிள்ளை ஒத்துவரும்?" என்றாள். "ஊர் முழுக்கச் சந்தேகப்பட்டுப்போட்டு என்ரை மனிசனை மட்டும் விட்டா, அவர் இந்த ஊர் ஆளில்லை எண்டுதானே கருத்து? கொலை செய்யவே உரிமை இல்லாதவனுக்கு ஊரிலை வேறை என்ன உரிமை இருக்கு?"

தர்மிளா கையெழுத்துப் பிரதியை எடுத்துப் புரட்டினாள்.

"அவர் ஒருத்தரையும் கொல்ல வேண்டாம். ஆனா அந்த விதானையார் வந்து எங்கடை கதவைத் தட்ட வேணும். நல்லாத் தட்ட வேணும்."

தர்மிளா மெல்லிய குரலில், "தட்டினா, அவர் எங்கை நிண்டவர் எண்டதுக்குச் சாட்சி காட்ட வேணுமே அக்கா. மற்ற எல்லாரையும் ஆளுக்காள் சாட்சி எண்டு முதலே எழுதி வாசிச்சாச்சு. இவருக்கு ஆரைப் போடுறது?" என்றாள். கதை எழுதுகிறவளின் கவலை அது.

"ஒருத்தரையும் போடாதையும். சாட்சி இல்லாமல் நிக்கட்டும். அவர் தாங்குவார்."

சொல்லிவிட்டாளே தவிர, வீட்டுக்கு வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. கொலைகாரன் அவர் இல்லை என்று நளீரிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சனிக்கிழமை அவர் அழுத்திய சேட்டோடு முன்வரிசை வாங்கில் போய் இருந்தபோது, பெண்கள் பக்கத்தில் இருந்த மஸீனா முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். வாசிகசாலை நிறைந்து, யன்னலுக்கு வெளியே சைக்கிளில் சாய்ந்துகொண்டும் சனம் நின்றது.

தர்மிளா வாசித்தாள். "விதானையார் மனோன்மணி சந்திக்கடைக்கு முன்னால் வந்து நின்றார். இத்தனை நாளும் இந்தக் கதவைத் தட்டாமல் போனது தன்னுடைய பிழை என்று அவருக்குப் பட்டது. ஓங்கித் தட்டினார்."

சபை முழுக்க நளீரைத் திரும்பிப் பார்த்தது. நளீர் முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"'கணபதி செத்த அன்று விடியப்புறம் நீர் எங்கே இருந்தீர்?' என்று விதானையார் கேட்டார். 'கடைக்குள் படுத்திருந்தேன். மனைவி மகளைப் பார்க்கப் புத்தளம் போயிருந்தாள்' என்றார் நளீர். 'அதற்குச் சாட்சி யார்?' நளீர் சந்தியைச் சுற்றிப் பார்த்தார். அவருக்காகப் பேச அந்த ஊரில் ஒருவரும் இருக்கவில்லை."

இப்படி ஒரு வசனம் வரும் என்று மஸீனா நினைக்கவில்லை. வட்டிலப்பத்தோடு வீட்டிலேயே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

கதிரை ஒன்று பின்னால் தள்ளப்பட்டது. அப்புத்துரை எழுந்து நின்றார்.

"பிள்ளை, அந்த வரியை வெட்டும்."

"ஐயா?"

"வெட்டும் எண்டு சொல்லுறன். நான் இருக்கிறன் சாட்சிக்கு. அண்டைக்கு விடிய நளீர் எங்கடை வேலியடியிலை நிண்டவர்."

தர்மிளா எழுத்தாளர்தான், சந்தேகமில்லை. பேனையை எடுத்துக்கொண்டு, "விடியப்புறம் வேலியடியிலை என்ன செய்தவர், ஐயா?" என்று கேட்டாள்.

"சண்டை பிடிச்சவர். என்னோடை," என்றார் அப்புத்துரை.

அதே வேலிக்கு அந்தப் பக்கம், தொண்ணூறில், அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு நின்றதை மஸீனா பார்த்திருக்கிறாள். அன்று வாய் திறக்க எவராலும் முடியவில்லை. அவள் அவரை அதற்காகக் குறை நினைத்ததில்லை, மறந்ததும் இல்லை. இன்று அவர் சபை நடுவே எழுந்து நிற்கிறார், இல்லாத ஒரு விடியலைப் பற்றிப் பொய்ச்சாட்சி சொல்லிக்கொண்டு. அவளுக்குக் கண்ணீர் வந்தது. துடைக்கவில்லை.

ஆனால் நளீரும் எழும்பிவிட்டார்.

"அண்ணை, தயவுசெய்து இருங்கோ. இப்பத்தான் என்னைச் சந்தேகப்படத் தொடங்கினவை. கெடுத்துப்போடாதேங்கோ."

சபை குபீரென்று சிரித்தது. அப்புத்துரை சிரிக்கவில்லை. "நான் உங்களைக் காப்பாத்தப் பாக்கிறன், நளீர்."

"பொய் சொல்லிக் காப்பாத்த வேண்டாம். வந்த நாள் துவக்கம் நீங்கள் என்னோடை எங்கை சண்டை பிடிச்சனீங்கள்? என்ரை ஆடு உங்கடை வெண்டி முழுக்கத் திண்டது. ஒரு வார்த்தை கேட்டனீங்களோ?"

அப்புத்துரையின் முகம் சிவந்தது. ஒரு வருஷமாக விழுங்கி வைத்திருந்தது அவ்வளவும் ஒரேயடியாக மேலே வந்தது.

"வெண்டி மட்டுமோ? கத்தரியை ஏன் விட்டனி? டேய், நீ ஆடே வளக்கிறாய்? ஆனையல்லோ வளக்கிறாய்! கட்டக் கயிறு இல்லாட்டி என்னட்டைக் கேள். கதியாலை எந்தப் பக்கம் நட்டிருக்கிறாய் எண்டு முதல் பார்."

"அது என்ரை பக்கம்."

"உன்ரை பக்கமோ? வாடா, இப்பவே போய் அளப்பம்."

மஸீனாவின் காதில் அந்த "டேய்" தேனாக விழுந்தது. பதினாலு வருஷமாக அவள் புருஷனை ஒருவரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. பக்கத்தில் இருந்த கமலேஸ்வரியின் கையைப் பிடித்து, "எங்கடை இவரைத்தான் ஏசுறார்," என்றாள். கலியாண வீட்டில் மாப்பிள்ளையைக் காட்டுகிறவள் மாதிரிச் சொன்னாள்.

பொன்னையா நடுவில் புகுந்து இருவரையும் பிடித்து இருத்தினார். வந்த வேகத்தில் அப்புத்துரை தலைவர் கதிரையை மறந்து, நளீருக்குப் பக்கத்திலேயே வாங்கில் இருந்துவிட்டார். இருவருக்கும் மூச்சு வாங்கியது. தர்மிளா மேசையில் தட்டி, விதானையார் இன்னும் போகவில்லை என்று சபைக்கு நினைவூட்டிவிட்டு மேலே வாசித்தாள்.

"விதானையார் படியில் இறங்கித் திரும்பிப் பார்த்தார். 'நளீர், இந்த விசாரணை முடியும்வரை நீர் ஊரை விட்டு எங்கேயும் போகக்கூடாது' என்றார்."

இது எல்லாக் கொலைக்கதையிலும் வருகிற பேச்சு. மஸீனா எத்தனையோ தரம் படித்துவிட்டுத் தாளைப் புரட்டியிருக்கிறாள். தர்மிளாவும் எங்கோ படித்த ஞாபகத்தில்தான் எழுதியிருப்பாள். வாசித்த பிறகுதான் எதை வாசித்தோம் என்பது அவளுக்கு உறைத்தது. தலையை நிமிர்த்தாமல் நின்றாள்.

நளீர் முன்னுக்குச் சாய்ந்தார். "அதை ஒருக்காத் திருப்பி வாசியும் பிள்ளை."

தர்மிளா திருப்பி வாசித்தாள். முதல் தரம் வாசித்ததைவிட மெதுவாக, சொல் சொல்லாக வாசித்தாள்.

சபை கலைந்து போகும்போது அப்புத்துரை அவளைத் தனியே கூப்பிட்டு, "விசாரணையைக் கெதியிலை முடிச்சுப்போடாதையும்," என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை இஷ்ரா வானோடு வந்து இறங்கினாள். கடைக்குள் எட்டிப் பார்த்தாள். ஒரு பெட்டிகூடக் கட்டப்படவில்லை. நளீர் ஏணியில் ஏறிக் கூரைத் தகரத்துக்கு ஆணி அறைந்துகொண்டிருந்தார்.

"என்ன வாப்பா, வெளிக்கிடேல்லையோ?"

"வரேலாது மகள்," என்றார் நளீர் மேலே நின்றபடியே. "என்னை ஊரை விட்டுப் போகக்கூடாதெண்டு சொல்லிப்போட்டினம்."

இஷ்ராவின் முகத்தில் ரத்தம் இல்லாமல் போனது. இந்த ஊரில் போகச் சொன்ன அன்று அவளுக்கு ஒன்பது வயது. உம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். உம்மா சிரித்துக்கொண்டு நின்றது அவளுக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது.

"ஆர் சொன்னது? என்ன செய்தனீங்கள் வாப்பா?"

நளீர் சுத்தியலைக் கீழே வைத்தார். சேட்டின் கழுத்தைச் சரிசெய்துகொண்டு, வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற அப்புத்துரைக்கும் கேட்கும்படியாகச் சொன்னார்.

"கொலைச் சந்தேகம்."

மஸீனா போய் வானிலிருந்து மகளின் பையை இறக்கினாள்.